சீசர் எழுதாமல் விட்ட பண்ணைகள்

நம்மூரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்கள் கோலுவாக்களை மறந்திருக்க மாட்டார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் முதலில் வருபவர்கள் அவர்கள்தான். தொங்கு மீசை, களிமண் பூசிய குடிசை, சுற்றிலும் அடர்ந்த காடு என்று ஒரு படம் இருக்கும். அவர்கள்தான் நம் முன்னோர் என்று முத்தியால்பேட்டைப் பையன்கள் நாங்களும் கூச்சமில்லாமல் ஒப்பித்தோம். அடுத்த பாடத்தில் ஜூலியஸ் சீசர் வருவார். கி.மு. 52-இல் அலேசியாவில் கோலுவாக்களின் தலைவன் அவரிடம் சரணடைவான். அதற்கும் அடுத்த பாடத்தில் சாலை, பாலம், குளியல் மண்டபம், கல்வீடு எல்லாம் வரிசையாக வரும். காட்டில் கிடந்தவர்களுக்கு ரோம் வந்து ஒழுங்கான விவசாயம் கற்றுக்கொடுத்தது என்பதுதான் நாங்கள் மனப்பாடம் செய்ததன் சாரம்.

அந்தப் பாடம் கடந்த அறுபது ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. மாற்றியது புதிதாகக் கிடைத்த ஏடோ கல்வெட்டோ இல்லை. வட பிரான்சின் கோதுமை வயல்களுக்கு அடியில் கிடந்த அகழிகள்தான் மாற்றின. நான் பல வருடம் நில ஆவணப் பிரிவில் யு.டி.சி.யாக உட்கார்ந்திருந்தவன். எல்லை, வரப்பு, புல எண் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். அதனால்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அகழி என்றதும் வேலூர்க் கோட்டையை நினைக்க வேண்டாம். இது ஒரு குடியானவர் குடும்பம் தன் வீடு, தொழுவம், களஞ்சியம், கொல்லை எல்லாவற்றையும் சுற்றி வெட்டிக்கொண்ட பள்ளம். சாதாரணமாக இரண்டு மூன்று மீட்டர் அகலம், பல இடங்களில் இடுப்பளவு அல்லது மார்பளவு ஆழம். வெட்டிய மண்ணை உட்பக்கம் கரையாகப் போட்டு, அதன்மேல் உயிர்வேலியோ மரத்தடுப்போ வைப்பார்கள். பல அடைப்புகள் ஒரு ஹெக்டேருக்குள், அதாவது இரண்டரை ஏக்கருக்குள் அடங்கிவிடும். மாடு வெளியே போகாது, ஓநாயும் திருடனும் எளிதில் உள்ளே வர முடியாது, மழைத் தண்ணீரும் வடியும். இவற்றோடு கௌரவமும் உண்டு. பெரிய மனிதரின் பண்ணையில் அகழி அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும், வாசலில் தடித்த மரத்தூண்கள் நிற்கும். இத்தனை ஆட்களை வைத்து வேலை வாங்க என்னால் முடியும் என்று வழியில் போகிறவனுக்குக் காட்டுவதுதான் அது.

இந்தப் பண்ணைகள் மரத்தாலும் மண்ணாலும் கட்டியவை. மரம் மக்கிவிட்டது, மண்சுவர் கரைந்துவிட்டது, கரையை ஏர் சமன்படுத்திவிட்டது. தரையில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தெரிய வைத்தவர் ரொஜே அகாஷ் என்ற பிக்கார்திக்காரர். 1926-இல் பிறந்து 2011-இல் மறைந்தவர். அறுபதுகளில் சிறிய விமானம் ஒன்றில் ஏறி, சோம் ஆற்றுப் பகுதி முழுவதையும் மேலிருந்து படம் எடுக்கத் தொடங்கினார்.

மற்றவர்கள் கோடையில் பறந்தார்கள். கோடையில் பயிரே காட்டிக்கொடுக்கும். பழைய அகழி இருக்கும் இடத்தில் மண் ஆழமானது, ஈரம் தங்கும், அதன்மேல் கோதுமை உயரமாகவும் பச்சையாகவும் நிற்கும். புதைந்த சுவரின் மேல் நிற்கும் பயிர் சீக்கிரம் பழுத்துவிடும். அகாஷ் குளிர்காலத்திலும் பறந்தார். அந்தப் பகுதியின் அடிநிலம் வெள்ளைச் சுண்ணாம்பு. உழுதுபோட்ட வயலில் மழை பெய்து காயும்போது, அகழி இருந்த இடம் கருப்புக் கோடாகத் தெரியும். சுண்ணாம்புக் கல்லில் போட்ட ரோமானிய அஸ்திவாரத்தை டிராக்டர் கலப்பை கிளறியிருந்தால், அந்த வீட்டின் வரைபடமே பழுப்பு நிலத்தில் வெள்ளைக் கோடாக விரியும். இப்படி நூற்றுக்கணக்கான ரோமானிய வில்லாக்களை அவர் கண்டுபிடித்தார். கூடவே, யாரும் எதிர்பார்க்காத அளவுக்குக் கோலுவாக்களின் அகழி அடைப்புகளும் வெளிப்பட்டன. 1978-இல் வந்த அவருடைய பெரிய நூல் அந்தப் பகுதியின் வரலாற்றையே புரட்டிப்போட்டது. புத்தகத்தில் காடு என்று படித்த இடமெல்லாம் பண்ணையும் வயலும் பாதையுமாக இருந்திருக்கிறது.

ஆகாயத்திலிருந்து எடுத்த படம் இடத்தைத்தான் காட்டும், காலத்தைச் சொல்லாது. அதற்குத் தோண்டத்தான் வேண்டும். தோண்டும் முறை கேட்க சுவாரசியமானது. பழைய பாணியில் சிறு சிறு சதுரக் குழி போட்டால் இந்தப் பண்ணைகள் பிடிபடுவதில்லை. ஒரு குழியில் ஒரு தூண்குழி, இன்னொன்றில் அகழியின் ஒரு துண்டு என்று கிடைக்கும், வீடு எது தொழுவம் எது என்று புரியாது. அதனால் இயந்திரத்தை வைத்து மேல்மண்ணை ஏக்கர் கணக்கில் வழித்தெடுக்கிறார்கள். நாம் பொக்லைன் என்று கூப்பிடுகிறோமே, அந்தப் பெயர் பிக்கார்தியைச் சேர்ந்த வாஸ் மாவட்டத்தில் தொடங்கிய ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். பல் இல்லாத அகலமான தட்டுவாளியைப் பொருத்தி, மெல்லிசாகச் சீவச் சீவ, வெளிறிய அடிமண்ணில் கருத்த கறைகள் தெரியும். நீளமான கறை அகழி. வட்டமான சின்னக் கறைகள் தூண் நட்ட குழிகள். நாலு குழி சதுரமாக இருந்தால் பெரும்பாலும் அது தானியக் களஞ்சியம். ஈரமும் எலியும் அண்டாமல் இருக்கத் தூண்களின் மேல் பரண் கட்டித் தானியம் வைத்திருக்கிறார்கள்.

அகழியைக் குறுக்கே வெட்டிப் பார்க்கும்போதுதான் கணக்குப் புத்தகம் திறக்கிறது. அடியில் இருப்பது ஓரத்திலிருந்து தானாகச் சரிந்த சுண்ணாம்புச் சில்லு. அது சேர எத்தனை காலமாகும் என்பதைக்கூடச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஓவர்டன் டவுன் என்ற இடத்தில் 1960-இல் சுண்ணாம்பு நிலத்தில் புதிதாக ஓர் அகழி வெட்டிக் கரை போட்டு, 1, 2, 4, 8, 16, 32, 64 ஆண்டுகள் கழித்து அதைத் திறந்து பார்ப்பது என்று திட்டம் வைத்தார்கள். தொடங்கியவர்கள் முடிவைப் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தே ஆரம்பித்த வேலை. ஆரம்பத்து ஓரிரு குளிர்காலங்களிலேயே ஓரங்கள் வேகமாகச் சரிந்துவிடும், பிறகு புல் பிடித்து நிதானமாகிவிடும் என்று அதிலிருந்து தெரிந்தது. ஆகவே ஓர் அகழி ஆழமாகவும் சுத்தமாகவும் இருந்தால், யாரோ அதைத் தொடர்ந்து தூர்வாரியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தூர்வாரிய தடம் வெட்டுமுகத்தில் தனிக் கோடாகவே தெரியும். பிரெத்தாஞ்சில் புளுவேர் சுர் ரான்ஸ் என்ற ஊருக்கு அருகே, சாலை போடுவதற்கு முன் இவ் மெனேஸ் என்ற ஆய்வாளர் ஒரு கோலுவாப் பண்ணையைத் தோண்டினார். அதே இடத்தில் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் மக்கள் குடியிருந்து உழுதிருக்கிறார்கள். காட்டில் திரிந்தவர்கள் செய்கிற காரியமா அது?

அடிச் சில்லுக்கு மேலே குப்பை. உடைந்த பானை, தின்று போட்ட மாட்டெலும்பு, பன்றியெலும்பு, தேய்ந்த திரிகைக் கல், அடுப்புச் சாம்பல். சாம்பலைத் தண்ணீரில் அலசினால் கருகிய தானியம் மிதந்து வரும். பச்சைத் தானியம் மக்கிவிடும், கருகியது இரண்டாயிரம் வருடம் கிடக்கும். பார்லி, உமி எளிதில் பிரியாத பழைய கோதுமை வகைகள், பட்டாணி, அவற்றோடு களைச்செடிகளின் விதைகள் எல்லாம் கிடைக்கின்றன. எந்தக் களை வந்திருக்கிறது என்பதைக் கொண்டு நிலத்துக்கு எரு போட்டார்களா, எந்தப் பருவத்தில் விதைத்தார்கள் என்றுகூட ஊகிக்கிறார்கள். அகழியின் அடியில் தண்ணீர் தேங்கிய இடமாக இருந்தால் மரத்துண்டும் வேலிச்செடியின் முள்ளும்கூட அழியாமல் கிடைக்கும்.

காலத்தைச் சொல்வது பானை ஓடு. இந்த இடத்தில் நமக்குச் சொந்தமான ஒரு செய்தி இருக்கிறது. 1938, 1939-இல் பிரெத்தாஞ்சிலும் நார்மந்தியிலும் கோலுவாக்களின் மண்கோட்டைகளை ஆராய்ந்தவர் மார்ட்டிமர் வீலர். அதே வீலர்தான் 1945-இல் நம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டில் வந்து தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த சிவப்புப் பளபளப்புப் பாண்டத்தின் ஓடுகள் அங்கே கிடைத்தன. அதைச் செய்தவர்களின் முத்திரைகூட அவற்றில் இருந்தது. அந்தப் பாண்டம் எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அதைப் பிடித்துக்கொண்டு அரிக்கமேட்டின் காலத்தைக் கணித்தார். வட பிரான்சின் பண்ணை அகழிகளையும் அதே வகைச் சிவப்புப் பாண்டம்தான் காலக்கணக்கில் கட்டுகிறது. பின்னாளில் அது தென் பிரான்சில் மியோவுக்குப் பக்கத்தில், லா கிராஃபசேங்க் என்ற இடத்தில், ஏராளமாகச் செய்யப்பட்டது. ஓடு அகழியின் அடியில் கிடந்தால் அந்தக் காலத்தில் அகழி திறந்திருந்தது என்று பொருள். மேல் அடுக்கில் கிடந்தால் அகழி தூர்ந்துபோன காலம் தெரியும்.

இத்தனையையும் வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் நம் பாடப்புத்தகம் ஆட்டம் கண்டது. முதலாவது, ரோமானியப் படைக்கு முன்பே ரோமானியச் சரக்கு வந்துவிட்டது. சீசர் படையெடுப்பதற்கு இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னரே, வசதியான கோலுவாப் பண்ணைகளின் அகழிகளில் இத்தாலிய ஒயின் ஜாடிகள் உடைந்து கிடக்கின்றன. வாசல் பக்கம் குவியலாகக் கிடந்தால் அது விருந்து வைத்த மிச்சம். ஒரு ஜாடி ஒயினுக்கு ஓர் அடிமையைக் கொடுத்தார்கள் என்று தியோதோருஸ் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். விருந்தின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, சீசரின் படைக்குச் சோறு போட்டதே இந்தப் பண்ணைகள்தான். கி.மு. 54-இல் இன்றைய அமியேன் நகரில், அன்று அதன் பெயர் சமரோபிரிவா, அவர் கோலுவாத் தலைவர்களைக் கூட்டினார். அந்த வருடம் மழையில்லாமல் விளைச்சல் குறைந்ததால், படைகளை ஒரே இடத்தில் வைத்துத் தீனி போட முடியாமல் பல இனங்களின் நிலத்தில் பிரித்து வைத்தேன் என்று அவரே தம் நூலில் சொல்கிறார். விவசாயம் தெரியாதவர்களிடம் எந்தச் சேனாதிபதி தானியம் கேட்பான்? ஆனால் அந்தத் தானியத்தை விளைவித்தவர்களைப் பற்றி அவர் எழுதியது மிகக் குறைவு. பூசாரிகளான துருயித்துகளைப் பற்றியும் குதிரைவீரர்களான பிரபுக்களைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, சாதாரண மக்கள் ஏறக்குறைய அடிமைகளுக்குச் சமம் என்று முடித்துவிட்டார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. கி.மு. 58 முதல் 51 வரை நடந்த அந்தப் பெரிய போர், பல பண்ணை அகழிகளில் ஒரு கீறலாகக்கூடத் தெரியவில்லை. போருக்குப் பின்னும் பல இடங்களில் அதே அகழியை அதே திசையில் தூர்வாரியிருக்கிறார்கள், அதே மரவீட்டைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது. கி.மு. 27-இல் அகஸ்துஸ் கோல் நாட்டில் குடிக்கணக்கு எடுக்க வைத்தார், கி.மு. 12-இல் துருசுஸ் மறுபடி எடுத்தார். கணக்கு எடுப்பது எதற்கு என்று வருவாய்த் துறையில் இருந்தவனுக்குச் சொல்ல வேண்டுமா? வரிக்குத்தான். கி.பி. 21-இல் வரியும் கடனும் தாங்காமல் ஃபுலோருஸ், சக்ரோவீர் என்ற இருவர் தலைமையில் கோலில் கிளர்ச்சியே வெடித்தது. கல் அஸ்திவாரம் போட்ட வீடுகள் கிராமப்புறத்தில் பரவலாவது முதல் நூற்றாண்டின் நடுவிலிருந்துதான். அதாவது சீசருக்குப் பிறகு நூறு வருடம், நாலு தலைமுறை. அப்போதும் பல வில்லாக்கள் பழைய அடைப்பின் மேலேயே எழும்பின. எய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் போரியோ என்ற ஊரில் காலின் ஹேசல்குரோவ் தோண்டிய பண்ணையில் இது தெளிவாகத் தெரிந்தது. பல வில்லாக்களைக் கட்டியவர்கள் இத்தாலியிலிருந்து வந்தவர்கள் அல்லர், உள்ளூர்ப் பெருங்குடிகளின் பேரன்கள்தான் என்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள்.

ரோம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எலும்பை அளந்தால் மாடுகள் ரோமானியக் காலத்தில் பெரிதாகிக்கொண்டே போகின்றன. குதிரைக்கறி தின்பது குறைகிறது. சந்தைக்கு ஏற்ற கோதுமை கூடுகிறது. ஆனால் எல்லோரும் வில்லாக்காரர்கள் ஆகிவிடவில்லை. நாலு தலைமுறை கழித்தும் மரவீட்டிலேயே, அதே அகழிக்குள்ளேயே இருந்த குடும்பங்கள் உண்டு. ஒரே வயல்வெளியில் ஒருவர் ஓட்டு வீடும் குளியலறையும் கட்ட, பக்கத்தில் இன்னொருவர் கூரை வேய்ந்துகொண்டிருந்தார். கல்வீட்டை மட்டும் தோண்டிய காலத்தில் இந்த இரண்டாமவர் வரலாற்றில் இல்லவே இல்லை. அகழியைத் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அவர் கணக்கில் வந்தார்.

எழுதப்பட்ட ஆவணம் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. தென் பிரான்சில் ஒரான்ஷ் நகரில் ரோமானியர் தங்கள் நிலப் பதிவேட்டைப் பளிங்குக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். கி.பி. 77-இல் வெஸ்பாசியான் பேரரசன் உத்தரவில் வைத்தது. அதன் துண்டுகளைச் சேர்த்து ஆந்த்ரே பிகானியோல் 1962-இல் வெளியிட்டார். நிலம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டிருக்கிறது. நம் புல எண் மாதிரியேதான். ஓய்வுபெற்ற படைவீரர்களுக்குக் கொடுத்த நிலத்துக்கு வரி இல்லை. நம்மூர் சொல்தா குடும்பங்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். அங்கே முன்பிருந்த திரிகஸ்தீன் இனத்தாருக்கு மோசமான நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. இனத்தின் பெயர் இருக்கிறது, உழுதவன் பெயர் இல்லை. முப்பது வருடம் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், பதிவேடு என்பது அரசாங்கத்துக்கு எது தேவையோ அதை மட்டும் வைத்திருக்கும்.

இந்தப் பண்ணைகள் இவ்வளவு வெளியே வந்ததற்குப் பிரெஞ்சுச் சட்டம் ஒரு காரணம். பெரிய சாலை, ரயில்பாதை, தொழிற்பேட்டை வருவதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஏற்பாட்டை 2001 ஜனவரி 17-ஆம் தேதிச் சட்டம் முறைப்படுத்தியது. அந்த வேலைக்காகவே 2002-இல் இன்ராப் என்ற தேசிய நிறுவனம் ஏற்பட்டது. முதலில் நிலத்தில் வரிசையாக நீளக் குழிகள் வெட்டிச் சோதிப்பார்கள். ஏதாவது அகப்பட்டு, அரசு உத்தரவிட்டால் முழு அகழாய்வு. அதன் செலவு கட்டுகிறவர் தலையில். சேன் ஆற்றையும் வடபகுதியையும் இணைக்க 107 கிலோமீட்டர் நீளத்துக்கும் 54 மீட்டர் அகலத்துக்கும் வெட்டப்படும் புதிய கால்வாயின் பாதையிலும் இப்படி ஆராய்ந்தார்கள். அங்கேயும் அகழி அடைத்த பண்ணைகள் வந்தன. ஆராய்ந்த இடம் பிறகு அழிந்துதான் போகும். மிஞ்சுவது வரைபடமும் பெட்டிகளும்தான். ஆனால் பார்த்துவிட்டு அழிப்பதற்கும் பார்க்காமலே அழிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

நம் பக்கத்தில் அரிக்கமேட்டைச் சுற்றி இருந்த வயல்களை நினைத்துப் பாருங்கள். கப்பலில் வந்த ஜாடியையும் சிவப்புப் பாண்டத்தையும் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அங்கே மணி கோத்தவர்களுக்கும் கூடை சுமந்தவர்களுக்கும் அரிசி எந்த வயலிலிருந்து வந்தது? அந்த உழவன் வீடு எங்கே இருந்தது? இப்போது ஊரைச் சுற்றி மனை பிரிக்கிறார்கள். பொக்லைன் வருகிறது, ஒரே நாளில் சமமாக்கிவிட்டுப் போகிறது. அது வழித்துத் தள்ளும் மண்ணில் கறுத்த கோடு ஏதாவது தெரிந்ததா என்று நின்று பார்க்க அங்கே ஆள் கிடையாது. மேட்டுக்கு வேலி போட்டுப் பாதுகாக்கிறோம். அந்த மேட்டுக்குச் சோறு போட்ட வயலுக்கு அதுவும் இல்லை.

பிள்ளைகளைப் பார்க்கப் பாரீஸ் போகும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. ஐஃபெல் கோபுரத்தை எத்தனை தரம்தான் பார்ப்பது? ஆர்.இ.ஆர். ‘ஆ’ வண்டியில் கடைசி நிறுத்தமான சேன் ழெர்மேன் ஆன் லேயில் இறங்கினால் எதிரிலேயே தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். இன்னும் ஒரு நாள் இருந்தால் அமியேனுக்கு ரயிலேறுங்கள். அதன் பக்கத்தில் சமரா என்ற பூங்காவில், அகழாய்வில் கிடைத்ததை வைத்துக் கோலுவாக்களின் வீடுகளை அதே அளவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். போகும் வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உழுத வயல்களைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டே போங்கள்.